பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு ஐரோப்பாவில் இருப்பவர்களே, பிரெக்சிட் உங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது?

செவ்வந்தி | 2026 ஜனவரி 11, இரவு 10.40

வணக்கம். நான் பாரிஸ் புறநகரில் இருக்கிறேன். ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்து, அங்கேயே படித்து வளர்ந்து, பிரிட்டிஷ் குடியுரிமை எடுத்தவள். 2014இல் கல்யாணம். அவர் பாரிஸில் வளர்ந்தவர், பிரெஞ்சுக் குடியுரிமை. கல்யாணம் முடிந்த கையோடு லண்டன் வந்துவிட்டார். கையில் ஒரு சூட்கேஸ், ஒரு பாஸ்போர்ட். வந்த மூன்றாம் கிழமை வேலைக்குப் போனார். 2015இல் மகள் பிறந்தாள். 2018இல் மாமிக்குச் சுகமில்லை என்று மூன்று பேரும் பாரிஸுக்கு வந்தோம். அப்போதும் சாமான் கட்டுவதுதான் பெரிய வேலையாக இருந்தது. விசா என்ற சொல் எங்கள் வீட்டில் ஒருநாளும் அடிபடவில்லை.

இப்போது என் அம்மாவின் முறை. லண்டனில் ஹரோவில் தனியாக இருக்கிறார். போன நவம்பரில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஒபரேசன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார், ஆனால் படி ஏற முடியாது. குடும்பமாகப் போய் அம்மாவோடு இருப்போம் என்று முடிவெடுத்து விபரம் தேடத் தொடங்கினேன். அன்றிலிருந்து நித்திரை இல்லை.

நான் போகலாம். மகள் போகலாம். கணவர் வர முடியாது. வருவதென்றால் நான் வருடத்துக்கு 29,000 பவுண்ஸ் சம்பளம் காட்ட வேண்டுமாம். அவருடைய பிரான்ஸ் சம்பளம் கணக்கில் வராது. நான் இங்கே பாடசாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் பகுதிநேர வேலை. சேமிப்பு காட்டுவதென்றால் 88,500 பவுண்ஸ். அதற்கு மேல் விசாக் கட்டணம் 1,938, சுகாதாரக் கட்டணம் 3,105. நான்கு வருடம் லண்டனில் வரி கட்டிய மனிதரைப் பற்றித்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. என்னுடைய ஐந்து வருட வதிவிட அட்டை, அதுதான் பிரெக்சிட்டுக்குப் பிறகு இங்கே ஏற்கெனவே இருந்த பிரிட்டிஷ்காரருக்கு பிரான்ஸ் கொடுத்த ஆர்டிகிள் 50 அட்டை, மே மாதம் முடிகிறது. அம்மாவோடு சில மாதம் போய் நின்றால் இங்குள்ள உரிமை போய்விடுமா? இதை யாரும் எனக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. போன தடவை வரும்போது அட்டையை நீட்டியும் சாவடியில் இருந்தவர் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திவிட்டார். சுற்றுலா வந்தவளுக்குக் குத்துகிற அதே முத்திரை. பக்கத்தில் மகள். "அம்மா, நாங்கள் இங்கேதானே இருக்கிறோம்?" என்று கேட்டாள்.

உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். சட்டம் தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து உதவுங்கள்.

---

கொலோன்காரன் | ஜனவரி 11, இரவு 11.25

தங்கச்சி, முதலில் அம்மா சுகமாக வேண்டும். மற்றதைப் பிறகு பார்ப்போம்.

முத்திரைக்குப் பயப்படாதீர்கள். 2020 டிசம்பர் 31க்கு முன்பே இங்கே குடியிருந்தவர்களுக்கு பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்த வெளியேற்ற ஒப்பந்தத்தின் பாதுகாப்பு இருக்கிறது. அந்த அட்டை உள்ளவர்களுக்கு வருகையாளர் 180 நாளில் 90 நாள்தான் நிற்கலாம் என்ற கணக்கு இல்லை. தவறிக் குத்தினாலும் உங்கள் வதிவிட உரிமையை அது தொடாது. போன அக்டோபர் 12இல் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு இருக்கிறதே, விரல் அடையாளம், முகப்படம் எல்லாம், அதுவும் உங்களுக்கு இல்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள்: பாஸ்போர்ட்டைத் தனியாகக் கொடுக்காதீர்கள். அட்டையை மேலே வைத்து இரண்டையும் சேர்த்து நீட்டுங்கள். கொடுத்த பிறகு "இங்கே வசிப்பவள்" என்று விளக்குவதற்குள் கை முத்திரைக்குப் போய்விடும்.

என் கதை வேறு. 2009இலிருந்து கொலோன். 2016 ஜூன் 23 இரவு முழுக்கத் தொலைக்காட்சி பார்த்தேன். 51.9க்கு 48.1. காலையில் வேலைக்குப் போனபோது கூட வேலை செய்கிற ஜேர்மன்காரர்கள் சாவீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி என் கையைப் பிடித்தார்கள். அந்த வருடமே ஜேர்மன் பிரஜாவுரிமைக்கு எழுதச் சொன்னாள் மனைவி. நான் இழுத்தடித்தேன். 2020 முடிவதற்குள் எழுதியிருந்தால் பிரிட்டிஷையும் வைத்திருக்கலாம். தவறவிட்டேன். பிறகு பிரிட்டிஷை விட்டால்தான் ஜேர்மன் என்ற நிலை. 2024 ஜூன் 27இல் சட்டம் மாறி இரண்டையும் வைத்திருக்கலாம் என்று வந்த பிறகுதான் போய் எழுதினேன்.

இரண்டு பாஸ்போர்ட் உள்ள எல்லாருக்கும் ஒரு விஷயம். பிப்ரவரி 25இலிருந்து பிரிட்டிஷ் பிரஜை ஒருவர் (அயர்லாந்தைத் தவிர) வேறு நாட்டுப் பாஸ்போர்ட்டை மட்டும் காட்டி லண்டனுக்கு விமானமோ ரயிலோ ஏற முடியாது. ஐரோப்பியர்கள் பிரிட்டன் வர எடுக்கிற 16 பவுண்ஸ் மின்னணுப் பயண அனுமதி பிரிட்டிஷ் பிரஜைக்குக் கிடைக்காது. ஆகவே பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 589 பவுண்ஸ் கட்டி ஒரு சான்று எடுக்க வேண்டும். உங்கள் மகள் எந்தப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்கிறாள்?

---

செவ்வந்தி | ஜனவரி 11, இரவு 11.50

அண்ணா, அவளுடைய பிரிட்டிஷ் பாஸ்போர்ட் 2020இலேயே முடிந்துவிட்டது. பிறகு பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டில்தான் போய் வருகிறோம். நல்ல வேளை சொன்னீர்கள். பிப்ரவரி விடுமுறைக்கு ரயில் டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறேன், போகும் நாள் 27. நாளைக்கே விண்ணப்பிக்கிறேன்.

---

ஐந்தோவன்_பொறியாளர் | ஜனவரி 12, காலை 8.05

வணக்கம் அக்கா. நான் ஈரோட்டுக்காரன். 2008இல் வேலைக்காக இங்கிலாந்து வந்து, பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கி, 2019இல் நெதர்லாந்துக்கு மாறினேன். அப்போது பிரெக்சிட் பேச்சுதான் எங்கும். இருந்தும் வந்தேன், ஏனென்றால் அன்றைக்கு உரிமை இருந்தது.

நிறைய பேர் நினைப்பது, "ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்கு எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறது" என்று. பாதுகாப்பு இருக்கிறது, ஆனால் அது ஒரு நாட்டுக்கு மட்டும். நான் நெதர்லாந்தில் முழு உரிமையோடு இருக்கலாம். இங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் கார் கொலோன் போய்விடும். அங்கே போய்க் காப்பி குடிக்கலாம், வேலைக்குச் சேர முடியாது. போன வருடம் முனிச்சில் ஒரு கம்பெனி மூன்று சுற்று நேர்முகம் எடுத்தது. கடைசியில் "உங்களுக்கு வேலை அனுமதி எடுக்க வேண்டுமா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டார்கள். நாலைந்து மாதம் என்று நினைக்கிறேன் என்றேன். அடுத்த வாரம் வேறு ஆளை எடுத்துவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ப்ராஜெக்ட் மார்ச்சில் தொடங்க வேண்டும், அவர்களுக்கு ஆள் வேண்டும்.

டச்சுக் குடியுரிமை எடுக்கலாமே என்பார்கள். டச்சுக்காரரைக் கல்யாணம் செய்தவர்கள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்கள் பழைய குடியுரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். நான் இந்தியக் குடியுரிமையை ஒரு தடவை விட்டுக்கொடுத்தவன். பாஸ்போர்ட்டை ரத்து செய்து மூலையை வெட்டிக் கொடுத்த நாள் இன்னும் கண்ணில் இருக்கிறது. அன்றைக்கு அப்பாவிடம் போனில் சொன்னபோது, "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதை இன்னொரு தடவை செய்ய எனக்கு மனசு வரவில்லை.

---

கடலோரம் | ஜனவரி 12, மதியம் 2.30

நான் ஸ்பெயினில், அலிகாண்டே மாகாணத்தில், முதியோர் பராமரிப்பு வேலை செய்கிறேன். கொவென்ட்ரியிலிருந்து 2016இல் வந்தோம். நான் பார்க்கிறவர்களில் பெரும்பாலானோர் ஆங்கிலேயர், எழுபது எண்பது வயதுக்காரர்கள். பிரெக்சிட் பற்றி எழுதுகிறவர்கள் இவர்களைக் கடற்கரையில் பியர் குடிக்கிற கூட்டமாகவே காட்டுகிறார்கள். அது எனக்கு எப்போதும் வலிக்கும்.

ஒரு தம்பதி. மலையடிவாரக் கிராமம், ஆஸ்பத்திரி 38 கிலோமீட்டர். அவருக்கு 74, மனைவிக்கு 71, மனைவிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பேருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அவர்தான் காரில் கூட்டிப் போவார். பிரிட்டிஷ் லைசென்ஸை ஸ்பானிஷ் லைசென்ஸாக மாற்றுகிற ஏற்பாடு பிரெக்சிட்டோடு நின்றுபோனது. தவணை தவணையாக நீட்டினார்கள். கடைசித் தவணை 2022 ஏப்ரல் 30. மே 1இலிருந்து இங்கே வசிக்கிற பிரிட்டிஷ்காரர் அந்த லைசென்ஸோடு ஓட்டக் கூடாது. ஐம்பது வருடம் ஓட்டியவர், தேர்வு எழுதிப் புதிதாக எடு என்றால் என்ன செய்வார்? அடுத்த ஒப்பந்தம் வந்தது 2023 மார்ச் 16இல். பத்தரை மாதம்.

அந்தப் பத்தரை மாதமும் அக்கம்பக்கத்தவர்கள் முறை வைத்துக் கூட்டிப் போனோம். வியாழக்கிழமை என் முறை. ஒரு ஞாயிறு காலையில் நான் மருந்து கொடுக்கப் போனபோது அவர் முற்றத்தில் காருக்குள் உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டிருந்தார். கேட் மூடியே இருந்தது. பேட்டரி செத்துவிடக் கூடாதாம். ஒவ்வொரு ஞாயிறும் பதினைந்து நிமிடம் அப்படி வைத்திருப்பாராம். கண்ணாடியைத் துடைத்து, கண்ணாடிக்கு முன்னால் சாவிக்கொத்தை வைத்து, பக்கத்து சீட்டில் மனைவியின் கம்பளி. நான் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டேன்.

லைசென்ஸ் மாற்றிய பிறகு முதல் தடவை ஓட்டிப் போனார்கள். அந்த அம்மா அடுத்த ஆண்டு காலமாகிவிட்டார்.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஓய்வூதியம் இங்கே ஆண்டுதோறும் உயர்கிறது, ஒப்பந்தத்தில் இருக்கிறது. மருத்துவச் செலவை பிரிட்டன் ஏற்கிற ஏற்பாடும் பழைய ஆட்களுக்குத் தொடர்கிறது. கஷ்டப்படுகிறவர்கள் பாதி வருடம் இங்கே பாதி வருடம் அங்கே என்று இருந்த "தகைவிலான் குருவிகள்". அவர்கள் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். குளிருக்கு வந்தவர்கள் குளிர் முடிவதற்குள் திரும்ப வேண்டும்.

ஸ்பெயினில் இருக்கிற நம்மவர்களுக்கு: பழைய பச்சைத் தாளையே இன்னும் வைத்திருந்தால் சட்டப்படி செல்லும்தான். ஆனாலும் விரல் ரேகையுள்ள புதிய அட்டைக்கு மாறிவிடுங்கள். எல்லையில் கணினிக்குத் தாள் புரியாது.

---

வடலி75 | ஜனவரி 12, இரவு 9.10

மனவருத்தத்தோடு எழுதுகிறேன், யாரும் தவறாக எடுக்கக் கூடாது. நான் லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன். 2016இல் வெளியேறு என்றுதான் வாக்குப் போட்டேன்.

காரணம் சொல்கிறேன். என் தம்பி பிரிட்டிஷ் பிரஜை. 2013இல் யாழ்ப்பாணத்தில் கல்யாணம் செய்தான். அதற்கு முந்தைய வருடம், 2012 ஜூலையில், 18,600 பவுண்ஸ் சம்பளம் இருந்தால்தான் வெளிநாட்டு மனைவியைக் கூப்பிடலாம் என்று சட்டம் வந்திருந்தது. அவனுக்கு 16,000தான். இரண்டு வேலை செய்து, கணக்குக் காட்டி, அவள் வந்து சேர இரண்டரை வருடம். முதல் பிள்ளை தகப்பன் முகத்தைத் தொலைபேசியில்தான் பார்த்தது. அதே நேரம் எங்கள் தெருவில் பிரான்ஸிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள், எங்கள் ஆட்களே. ஒரு தாள் இல்லை, ஒரு காசு இல்லை. அது அநியாயம் என்று நினைத்தேன். ஐரோப்பாவுக்குக் கதவைச் சாத்தினால் எங்களுக்குக் கொஞ்சம் திறப்பார்கள் என்று சொன்னவர்களை நம்பினேன். சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவர்கள் பலர் அப்படி நம்பினார்கள், ஊரிலிருந்து சமையல்காரர் கூப்பிடலாம் என்று.

செவ்வந்தித் தங்கச்சி, உங்களுடைய கஷ்டம் எனக்கு விளங்குகிறது. ஆனால் நீங்கள் இன்றைக்குப் படுகிறதை நாங்கள் 2012இலிருந்து படுகிறோம். அதையும் யாராவது எழுத வேண்டும்.

---

செவ்வந்தி | ஜனவரி 12, இரவு 10.30

அண்ணா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். உங்கள் தம்பிக்கு நடந்தது கொடுமை. அந்த வருடங்களில் நான் லண்டனில்தான் இருந்தேன், அந்தச் சட்டத்தைப் பற்றி எனக்குத் தெரியவே தெரியாது. என்னைத் தொடவில்லை, அதனால் தெரியவில்லை. அதற்கு நான் வெட்கப்படுகிறேன்.

ஆனால் கேட்கிறேன். எங்களுக்குச் சாத்திய கதவு உங்களுக்குத் திறந்ததா? 18,600 இன்றைக்கு 29,000 ஆகியிருக்கிறது, 2024 ஏப்ரலிலிருந்து. யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கும் அதே 29,000, பாரிஸில் வளர்ந்த என் மனிசனுக்கும் அதே 29,000. சமம் ஆக்கியிருக்கிறார்கள், கீழே இழுத்து.

---

மழைநாள் | ஜனவரி 13, காலை 7.20

நான் துலூஸ் பக்கம் இருக்கிறேன், சட்ட அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பு வேலை. வழக்கறிஞர் இல்லை, ஆனால் இந்தத் தாள்களோடுதான் பத்து வருடமாகக் காலம் போகிறது.

வடலி அண்ணன் சொன்னதற்கும் செவ்வந்தி சொன்னதற்கும் நடுவில் ஒரு பெயர் இருக்கிறது: சுரிந்தர் சிங். ஓர் இந்தியர், பிரிட்டிஷ் பெண்ணைக் கல்யாணம் செய்தவர். இருவரும் ஜேர்மனியில் சில வருடம் வேலை செய்துவிட்டு பிரிட்டன் திரும்பினார்கள். அவர் வழக்கில் 1992 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: இன்னொரு உறுப்பு நாட்டில் வேலை செய்துவிட்டுத் திரும்புகிற பிரிட்டிஷ் பிரஜை, ஐரோப்பிய உரிமையின்படியே துணையைக் கூட்டி வரலாம், உள்நாட்டுச் சட்டத்தின் கெடுபிடி பொருந்தாது. 2012க்குப் பிறகு அந்தச் சம்பளக் கணக்கில் மாட்டிய எத்தனையோ தென்னாசியக் குடும்பங்கள் டப்ளினிலும் பிரஸல்ஸிலும் போய் சில மாதம் வேலை செய்து, இந்த வழியாகத்தான் திரும்பின. அண்ணன், உங்கள் தம்பிக்கும் அந்தக் கதவு அப்போது திறந்திருந்தது. ஐரோப்பாவுக்குள் இருந்ததால் கிடைத்த கதவு அது.

ஏற்கெனவே ஐரோப்பாவில் குடும்பமாக இருந்தவர்களுக்கு அதை 2022 மார்ச் 29 வரை திறந்து வைத்திருந்தார்கள். செவ்வந்தி, அந்தத் தேதிக்கு முன்னால் நீங்கள் திரும்பியிருந்தால் உங்கள் கணவர் ஒரு பவுண்ட் கட்டாமல் வந்திருக்கலாம். இதைச் சொல்வதற்கு எனக்கே கஷ்டமாக இருக்கிறது. அம்மா எந்த வருடம் விழுவார் என்று தெரிந்துகொண்டு யாராவது வீடு மாறுவார்களா? சட்டத்தில் தேதி வைக்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

இனி அட்டை விஷயம், இதுதான் உங்களுக்கு அவசரம். நீங்கள் 2018இல் வந்தவர். 2023இலேயே ஐந்து வருடம் முடிந்து நிரந்தர உரிமை வந்துவிட்டது. உங்களிடம் இருக்கும் ஐந்து வருட அட்டை அந்த உரிமையைக் காட்டவில்லை, அவ்வளவுதான். பத்து வருட நிரந்தர அட்டைக்கு மாற்றிக்கொள்ள இப்போதே விண்ணப்பியுங்கள், மே வரை காத்திருக்க வேண்டாம். ஐந்து வருடம் தொடர்ந்து இருந்ததற்கு ஒவ்வொரு வருடத்துக்கும் ஏதாவது ஒரு தாள்: சம்பளச் சிட்டை, வரி அறிவிப்பு, மின்சாரப் பில், மகளின் பாடசாலைச் சான்று.

ஏன் முக்கியம் என்றால், நிரந்தர உரிமை வராத ஒருவர் பொதுவாக 12 மாதத்தில் 6 மாதத்துக்கு மேல் வெளியே நிற்கக் கூடாது. நிரந்தர உரிமை வந்தவர் தொடர்ந்து 5 வருடம் வரை வெளியே இருந்தாலும் உரிமை போகாது, ஒப்பந்தத்தின் 15ஆம் பிரிவு. அட்டை கையில் வந்த பிறகு அம்மாவோடு எட்டு மாதம் இருங்கள், ஒரு வருடம் இருங்கள். திரும்பி வரலாம்.

---

வடலி75 | ஜனவரி 13, காலை 11.45

சுரிந்தர் சிங் வழி எங்களுக்குத் தெரியாது. தம்பிக்கு யாரும் சொல்லவில்லை. நான் இப்போது அவனுக்குச் சொல்லப் போவதும் இல்லை.

---

கொலோன்காரன் | ஜனவரி 13, மாலை 6.15

மழைநாள், மிகவும் நன்றி. இப்படி எழுத உங்களுக்கு நேரம் கிடைக்கிறதே.

இரண்டு சின்ன விஷயம். போன வருடம் இங்கே ஜேர்மனியில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் தேருக்கு என் அக்கா பேர்மிங்ஹாமிலிருந்து வர வெளிக்கிட்டா. பாஸ்போர்ட் முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது. விமான நிலையத்தில் ஏற்றவில்லை. பழைய பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் மீதி மாதங்களைக் கூட்டிக் கொடுப்பார்கள், அதனால் பத்து வருடத்துக்கு மேலும் செல்லும் என்று அச்சில் இருக்கும். ஐரோப்பாவுக்குள் வருகிறவருக்கு, கொடுத்த தேதியிலிருந்து பத்து வருடத்துக்குள் இருக்க வேண்டும், வெளியேறுகிற நாளுக்குப் பிறகு மூன்று மாதமும் இருக்க வேண்டும். அக்கா காவடிக்கு நேர்ந்த பிள்ளையோடு விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பிப் போனா. உறவினர்களைக் கூப்பிடுகிறவர்கள் முடிகிற தேதியைப் பார்க்காமல் கொடுத்த தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மற்றது படிப்பு. இங்கே 2020 முடிவுக்கு முன்பிருந்து வசிக்கும் பிரிட்டிஷ் பிள்ளைகளுக்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் உள்ளூர்க் கட்டணம், அதாவது இந்த வருடக் கணக்கில் 9,535 பவுண்ஸ். ஆனால் 2027 டிசம்பர் 31க்குள் படிப்பைத் தொடங்க வேண்டும். என் மகன் இந்தக் கோடையில் பாடசாலை முடிக்கிறான், தப்பிவிட்டான். அவனுக்கு இளையவளுக்குப் பதினைந்து வயது. அவளும் பிரிட்டிஷ் பிரஜைதான், ஆனால் அவள் போகும்போது வெளிநாட்டு மாணவி. ஒரே வீட்டில், ஒரே மேசையில் படிக்கிற இரண்டு பிள்ளைகள்.

---

செவ்வந்தி | ஜனவரி 13, இரவு 10.05

என் மகளுக்குப் பதினொன்று நடக்கிறது. அப்போ அவளுக்கும் இல்லை. லண்டனில் பிறந்தவள்.

மழைநாள் அண்ணாவோ அக்காவோ தெரியாது, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? இன்றைக்கு வரித்தாள் எல்லாவற்றையும் வருட வாரியாக அடுக்கிவிட்டேன். 2019க்கு மட்டும் மின்சாரப் பில் மாமியின் பெயரில் இருக்கிறது. மகளின் முன்பள்ளிச் சான்று தேடி எடுத்தேன், அதில் அவள் கையெழுத்து மாதிரி ஒரு கிறுக்கலும் இருக்கிறது.

அம்மா அனுப்பும் பார்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு மாதம் ஒரு பெட்டி வரும், வறுத்த மிளகாய்த்தூள், மகளுக்கு நெய் விசுக்கோத்து. 2021க்குப் பிறகு அதற்குச் சுங்கத் தாள் நிரப்ப வேண்டும். தனியாள் தனியாளுக்கு அனுப்பும் அன்பளிப்பு 45 யூரோவுக்குள் இருந்தால் வரி இல்லை. அம்மா பெறுமதி என்ற இடத்தில் "மகளுக்கு" என்று எழுதிவிட்டார். அந்தப் பெட்டிக்கு நான் 23 யூரோ கட்டி எடுத்தேன். அடுத்த பெட்டியில் நெய் டின் வைத்தார், பால் சம்பந்தப்பட்டது எதுவும் பிரிட்டனிலிருந்து உள்ளே வர முடியாது என்று அது வரவே இல்லை. அதற்குப் பிறகு அம்மா பார்சல் அனுப்புவதில்லை. "உனக்கு ஏன் செலவு" என்கிறார். 23 யூரோ பெரிய காசு இல்லை. ஆனால் அந்தப் பெட்டியைக் கட்டுவது அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை வேலையாக இருந்தது.

---

ஐந்தோவன்_பொறியாளர் | ஜனவரி 14, காலை 7.50

அக்கா, பாரிஸின் தமிழ்க் கடைத்தெரு லா ஷப்பலில் கிடைக்காத மிளகாய்த்தூளா என்று கேட்க வாயெடுத்தேன். கடைசி வரியைப் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

என் பங்குக்கு ஒன்று: பிரிட்டனில் வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய முகவரி இருக்கிற வாடிக்கையாளர்களின் கணக்கைப் பல வங்கிகள் 2020 முடிவிலிருந்து மூடிவிட்டன. எனக்கும் மூடினார்கள், இரண்டு மாத அவகாசம் கொடுத்தார்கள். அம்மாவின் செலவுக்கு உங்கள் கணக்கிலிருந்து போகிறதென்றால் இப்போதே விசாரித்துவிடுங்கள்.

---

மழைநாள் | ஜனவரி 14, மாலை 5.30

அக்காதான், செவ்வந்தி. மாமியின் பெயரில் பில் இருந்தால் பரவாயில்லை. அவர் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டைப் பிரதியோடு வைத்தால் ஏற்பார்கள்.

மார்ச் 15இல் இங்கே நகரசபைத் தேர்தல். நமக்கு வாக்கு இல்லை. 2020 வரை பிரான்ஸில் 700க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ்காரர்கள் ஊர்சபை உறுப்பினர்களாக இருந்தார்கள், பெரும்பாலும் ஆளில்லாமல் போன கிராமங்களில். எங்கள் கிராமத்தில் குடிநீர்க் குழாய்க் கணக்கைப் பதினோரு வருடம் பார்த்தவர் ஓர் ஓய்வுபெற்ற ஆங்கிலேய ஆசிரியை. 2020 தேர்தலோடு அவர் பெயர் பட்டியலிலிருந்து போனது. பக்கத்து ஜெர்ஸ் மாவட்டத்தில் ஒரு பெண்மணி வழக்கே போட்டார். 1984இலிருந்து பிரான்ஸில் வாழ்கிறவர். பதினைந்து வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவருக்கு பிரிட்டனில் வாக்கு இல்லை என்ற விதியால் 2016 வாக்கெடுப்பிலும் அவர் வாக்களிக்கவில்லை. பிறகு இங்கும் இல்லை. 2022 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம், பிரிட்டன் போனதோடு ஐரோப்பியக் குடியுரிமையும் போனது என்று முடித்துவிட்டது. அந்தப் பதினைந்து வருட விதியை பிரிட்டன் 2024 ஜனவரி 16இல்தான் எடுத்தது. இப்போது எத்தனை வருடமானாலும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். பதிந்து வையுங்கள். 29,000ஐத் தீர்மானிப்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

---

வடலி75 | ஜனவரி 14, இரவு 9.40

செவ்வந்தித் தங்கச்சி, ஈஸ்ட் ஹாமிலிருந்து ஹரோ தூரம்தான், ஆனாலும் சனிக்கிழமைகளில் அந்தப் பக்கம் எனக்கு டெலிவரி வேலை இருக்கிறது. நீங்கள் வரும் வரை அம்மாவுக்குச் சாமான் ஏதும் வாங்கிக் கொடுக்க வேண்டுமென்றால் தனி மடலில் எழுதுங்கள். என் மனைவியும் வருவா, அம்மா தனியே இருக்கிற வீட்டுக்கு நான் மட்டும் போக மாட்டேன்.

---

செவ்வந்தி | மார்ச் 8, இரவு 9.20

கனநாள் எழுதவில்லை, மன்னிக்கவும்.

மகளின் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் பிப்ரவரி 12இல் வந்தது. ரயிலில் ஏறும்போது இரண்டையும் காட்டினேன், பிரச்சினை இல்லை. பத்து வருட அட்டைக்கு எழுதிவிட்டேன், பெற்றுக்கொண்டதற்கான சான்று கையில் இருக்கிறது. மாமியின் கடிதத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

கணவர் விஷயத்தில் இப்போதைக்கு வழி இல்லை. 16 பவுண்ஸ் மின்னணுப் பயண அனுமதியில் லண்டனுக்கு வருகையாளராக வந்து நிற்கலாம், வேலை செய்ய முடியாது. வேலை செய்யாமல் இங்கத்தைய வீட்டுக்கடனைக் கட்டவும் முடியாது. ஆகவே அவரும் மகளும் பாரிஸில். நான் ஏப்ரலிலிருந்து அம்மாவோடு. பாடசாலை விடுமுறைகளுக்கு அவர்கள் வருவார்கள். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக இரண்டு வீடு.

வடலி அண்ணாவும் அண்ணியும் ஆறு சனிக்கிழமை போயிருக்கிறார்கள். அண்ணி அம்மாவை முன்முற்றம் வரை நடக்க வைத்திருக்கிறா. நான் போனபோது குசினியில் ஒரு கடதாசிப் பெட்டி பாதி கட்டியபடி இருந்தது. மிளகாய்த்தூள், பனங்கட்டி, எள்ளுருண்டை. மேலே அம்மாவின் கையெழுத்தில் சுங்கத் தாள்: அன்பளிப்பு, 18 பவுண்ஸ். அண்ணிதான் நிரப்பச் சொல்லிக் கொடுத்தாவாம். நான் கையில் கொண்டுபோகிறேன் என்றேன், அம்மா விடவில்லை. தபாலில்தான் போக வேண்டுமாம், பேத்தியின் பெயருக்கு.

நேற்று வந்தது. ஒன்றும் கட்டச் சொல்லவில்லை.